காற்று திரும்புமுன்

ஆட்டோ ஸ்டாண்டுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்
கோர்ட் சுவரில் பதித்த கல் அது.
மூன்று வருஷமாக வாய்தாவுக்கு வருகிறேன்.
போன மாதம்தான் படித்தேன்,
அதுவும் மழைக்கு ஒதுங்கியதால்.

மேலே இங்கிலீஷ். கீழே தமிழ்,
கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்த தமிழ்.
காப்டன் பெயரில் பாதியைச் சுண்ணாம்பு தின்றிருந்தது.
மீதி "மட்" என்று முடிகிறது.
கோட்டைக்கு வடக்கே ஒரு மண் கொத்தளம்,
நூற்றுப் பத்துப் பேர்,
மூன்று பக்கம் எதிரி, ஒரு பக்கம் கடல்.
உள்ளேயிருந்து அவர் எழுதிய கடிதமாம்:

சூழப்பட்டுள்ளோம்.
மருந்து நான்கு நாளைக்கு.
அரிசி இரண்டு நாளைக்கு.
காற்று திரும்புமுன் கப்பல் அனுப்புக.
இவ்விடம் விட்டு யாம் பெயரோம்.

மருந்து என்றதும் முதலில்
காய்ச்சலுக்கு என்றுதான் நினைத்தேன்.

கடைசி வரிக்கு மட்டும் தங்கப் பெயின்ட்.
ஜனவரி இருபத்தஞ்சாம் தேதி
ஒருத்தன் ஸ்டூல் போட்டு ஏறி அடிச்சிட்டுப் போவான்
என்றாள் ஜெராக்ஸ் கடை மெர்சலின்,
என் வாக்குமூலத்தின் மூன்று நகலை
ஸ்டேப்ளர் போட்டபடி.

எங்கள் வழக்கில் பதினேழு வீடு.
கிழக்கே கடல், வருஷத்துக்கு ஒரு வரிசை எடுக்கிறது.
மேற்கே ரோடு, கன்டெய்னர் லாரிக்காக அகலமாகிறது.
வடக்கே கம்பெனி காம்பவுண்டு.
தெற்கே வழி இருக்கிறது,
வழியில் ஒரு கம்பம்,
கம்பத்தில் நோட்டீஸ்.

நானும் கடைசி வரி ஒன்று சொல்லியிருந்தேன்,
"நாங்க எடத்த வுட்டு நகர மாட்டோம்" என்று.
வக்கீல் கிருபாவதி அதைச் சிவப்பு மையில் அடித்தார்.
"கோர்ட்டுக்கு இது மெரட்டல் மாதிரி இருக்கும்மா."
மேலே எழுதினார்:
மாற்று இடம் அளிக்கப்படும் பட்சத்தில்
கனம் நீதிமன்றத்தார் கருணையுடன் பரிசீலிக்க.
நல்ல மனுஷிதான். பீஸ் வாங்குவதில்லை.
மழையில் அந்தக் கல்லுக்குக் கீழேதான் அவரும் நின்றார்,
தலைக்கு மேல் தங்கப் பெயின்ட்.
நான் எதுவும் கேட்கவில்லை.

கல்லின் அடியில், முழங்கால் உயரத்தில்,
பைக்குகள் மறைக்கும் இடத்தில் இன்னொரு வரி.
குனிந்து படித்தேன்:
கட்டுமரக்காரன் ஒருவன் வசம் அனுப்பப்பட்டது.

ஒருவன்.

கடிதத்தை மெழுகுத் துணியில் சுற்றித்
தலைப்பாகைக்குள் வைத்திருப்பான்.
இருட்டில்தான் தள்ளியிருப்பான்.
எங்கள் கரையில் முதல் அலை ஏமாற்றும்,
இரண்டாவது தூக்கும்,
மூன்றாவதைத் தாண்டினால்தான் கடல்.
வாடை விழ எத்தனை நாள் என்று
காப்டன் அவனைத்தான் கேட்டிருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் அந்த வரி கடிதத்துக்குள் எப்படி வந்தது?
படிக்கத் தெரியாதவனாக இருந்திருப்பான்.
நகர மாட்டோம் என்ற சேதியோடு
அவன் ஒருத்தன்தான் அங்கிருந்து நகர்ந்தான்.
திரும்பி வந்தானா, கூலி யார் கொடுத்தது,
அவன் வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு இருந்தது?
கப்பல் வந்ததா என்றுகூட
கல்லில் இல்லை.

"அஞ்சலாச்சி! அஞ்சலாச்சி! அஞ்சலாச்சி!"
டவாலி எப்போதும் என் பெயரைத் தப்பாகத்தான் கூப்பிடுவார்.
அஞ்சலாட்சி, கணவர் பெயர் தேசப்பன்,
மூன்றாம் மனுதாரர்,
செருப்பை வெளியே விட்டுவிட்டு ஆஜரானேன்.
எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை.
ஐயா காலண்டரைப் புரட்டினார்.
டிசம்பர் ஒன்பது என்றார்.

கிருபாவதி என்னைப் பார்த்தார்.
டிசம்பர் ஒன்பதுக்குள்
வாடை விழுந்து ஒன்றரை மாசம் ஆகியிருக்கும்.
குணாவதி வீடு இருக்காது.
எங்கள் பின்சுவர், பாதி.

வெளியே வந்து டவாலியைக் கேட்டேன்:
"அந்தக் கப்பல் வந்துச்சாண்ணே?"
"எந்தக் கப்பல்?"
கல்லைக் காட்டினேன்.
இருபத்திரண்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர்
இரண்டு பைக்கை நகர்த்திவிட்டு
முதல் தடவையாகக் குனிந்தார்.
உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

அவர் முடிப்பதற்குள்
எண்ணூர் பஸ் வந்துவிட்டது.